நத்தையும் நாமும்

இரவு மணி பதினொன்று. தெரு அடங்கிவிட்டது. அந்த வேளையில் ஒரு மனிதர் ஒரு கையில் டார்ச்சு விளக்கும், மற்றொரு கையில் பழைய பால் பவுடர் டப்பாவுமாக, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தம்முடைய சொந்தத் தோட்டத்திலேயே திருட வந்தவர் போல் அடிமேல் அடி வைத்து நடக்கிறார். நாலடிக்கு ஒரு தரம் குனிகிறார். எதையோ பொறுக்கி டப்பாவில் போடுகிறார். "இருபத்தேழு" என்று முணுமுணுக்கிறார். இக்காட்சியைக் கண்டால் நேயர்கள் என்ன நினைப்பீர்கள்? எதிர் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற என்ஜினீயர் என்ன நினைத்தாரோ அதையேதான் நினைப்பீர்கள். முதல் நாள் அவர் திருடன் என்று நினைத்தார். இரண்டாம் நாள், திருடன் அல்ல, நாம்தான் என்று தெரிந்துகொண்டு, அதைக் காட்டிலும் மோசமாக நினைத்தார். மூன்றாம் நாள் காலையில் நம் வீட்டு அம்மாளிடம் வந்து, "ஸாருக்கு ராத்திரியில் தூக்கம் சரியாக வருகிறதா?" என்று மிகுந்த பரிவோடு விசாரித்துவிட்டுப் போனார்.

நமக்குத் தூக்கத்தில் ஒரு குறையும் இல்லை. நத்தைக்குத்தான் இராத் தூக்கம் கிடையாது. ஆகையால் நாமும் விழித்திருக்க நேர்ந்தது.

விஷயத்தை ஆதியிலிருந்து சொல்ல வேண்டும். நம்முடைய அக்காள் சேலத்தில் வாழ்ந்தவள். அவளுக்கு ஆர்க்கிட் செடிகளின் பேரில் ஒரு பைத்தியம். ஏற்காட்டு மலையில் இந்தியத் தாவர ஆராய்ச்சி இலாகாவினர் வைத்திருக்கும் ஆர்க்கிட் தோட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தவள், அன்று பிடித்த பைத்தியத்தை முப்பது வருஷ காலம் விடவேயில்லை. 2022-ம் வருஷம் ஆடி மாதத்தில் அவள் காலமானாள். காரியங்கள் முடிந்து நாம் சென்னைக்குப் புறப்பட்டபோது, அத்திம்பேர் ஏழு தொட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டார். "எனக்கு இதுகளைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதப்பா. அம்மா பக்கத்தில் இருக்கட்டும்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. நாமும் ஒன்றும் கேட்கவில்லை.

ஏழில் ஐந்து டென்ட்ரோபியம், இரண்டு வாண்டா. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வாண்டா என்பது ஸமஸ்கிருதத்திலிருந்து மேல்நாட்டார் எடுத்துக்கொண்ட பெயர்தான். அந்த இனத்தில் ஒன்று நம் சமவெளி மரங்களிலேயே தானாக வளர்கிறது. இந்தச் செடிகள் மரத்தின் மேல் ஒட்டி வாழ்ந்தாலும், புல்லுருவியைப் போல் மரத்தின் சாரத்தை உறிஞ்சுவதில்லை. உட்கார இடம் கேட்கிறதே தவிர சாப்பாடு கேட்பதில்லை. மழையையும் பனியையும் வேரினாலேயே பிடித்துக் குடித்துவிடும். அந்த வேரைக் கையில் எடுத்துப் பார்த்தால், மேலே வெள்ளைக் கடற்பஞ்சு சுற்றினாற்போல் ஓர் உறை இருக்கும். நுனி மட்டும் பச்சைப் பசேலென்று, அப்போதுதான் சீவிய பென்சில் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வேர் வளர்வதெல்லாம் அந்த நுனியில்தான். நுனி போனால் அந்த வேர் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். இதை அக்காள் நமக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள். நாம் காப்பி சாப்பிட்டுக்கொண்டே "ஊம், ஊம்" என்று கேட்டிருக்கிறோம்.

ஏழில் ஒரு டென்ட்ரோபியம் தூய வெள்ளைப் பூப் பூப்பது. அதன் மேல்தான் அவளுக்குத் தனிப் பிரியம். 2023 ஐப்பசியில் அதில் பூந்தண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. நம் வீட்டில் ஒரே உற்சாகம். சேலத்துக்கு டெலிபோன் செய்தோம். "மாசியில் வருகிறேன். ஒரு பூவாவது இருக்கும்படி பார்த்துக்கொள்" என்றார் அத்திம்பேர். டென்ட்ரோபியம் பூ வாரக் கணக்கில் வாடாமல் நிற்கும். பின்னும் ஒரு தண்டு விட்டாலும் விடும். ஆகவே நாம் தைரியமாக வாக்குக் கொடுத்துவிட்டோம்.

பத்தாம் நாள் காலையில் பார்த்தால் தண்டு இருந்தது, மொட்டுக்களைக் காணோம். மொட்டு இருந்த இடமெல்லாம் யாரோ அரம் கொண்டு ராவினாற்போல் இருந்தது. எலி என்றாள் நம் மனைவி. வெட்டுக்கிளி என்றோம் நாம். பேரன் கையை வைத்திருப்பான் என்று நம்மில் ஒருவர் சொன்னதும், அவன் அழுததும், அது பொய் என்று தெரிந்தபின் அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்ததும் தனிக் கதை. குற்றவாளியின் கையெழுத்தோ தொட்டியின் மேலேயே இருந்தது. காலை வெயில் சாய்வாக விழுந்தபோது, தொட்டி விளிம்பிலிருந்து இலை வழியாகத் தண்டு வரையில் வெள்ளி ஜரிகை இழுத்தாற்போல் ஒரு கோடு மின்னிற்று.

நத்தைக்குப் பல் உண்டென்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. உண்டு, ஆயிரக் கணக்கில் உண்டு. எல்லாம் நாக்கின் மேல் வரிசை வரிசையாக இருக்கின்றன. அது கடிப்பதில்லை, துருவுகிறது. தேங்காய்த் துருவியை நாக்கில் கட்டிக்கொண்டு பிறந்த பிராணி அது.

அன்றிரவுதான் முதல் வேட்டை. முப்பத்து நான்கு கிடைத்தன. பார்வைக்கே இரண்டு வகை தெரிந்தது. ஒன்று, உள்ளங்கையை அடைக்கும் பெரியது. கூர்ந்த ஓடும் பழுப்புக் கோடுகளுமாகத் தரையிலிருந்து தொட்டிக்கு ஏறி வருவது. இன்னொன்று உளுத்தம் பருப்பு அளவே உள்ள தட்டையான பொடி நத்தை. தொட்டிக்குள்ளேயே பிறந்து, தொட்டிக்குள்ளேயே வாழ்ந்து, வேர் நுனியை ருசி பார்த்துக்கொண்டிருப்பது. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் "ஆர்க்கிட் நத்தை" என்றே பெயர் சூட்டியிருக்கும் ஒரு ஜாதியும் ஐந்து மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். பெரியதைக் கண்டு நாம் பயந்தோம். சிறியதைக் கண்டு சிரித்தோம். இதில் எவ்வளவு தவறு செய்தோம் என்பது பிற்பாடு தெரிந்தது.

பெரிய நத்தை நம் நாட்டுப் பிரஜையே அல்ல. அதன் பூர்விகம் கிழக்கு ஆப்பிரிக்கா. 1847-ம் வருஷத்தில் பென்ஸன் என்னும் துரை, சிப்பி, நத்தைகளைப் பற்றிய சாஸ்திரத்தில் தேர்ந்தவர், மொரீஷியஸ் தீவிலிருந்து சிலவற்றைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கே சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் அவை விடப்பட்டன. விட்டவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. அழகான ஓடு, சாதுவான பிராணி, தோட்டத்துக்கு ஓர் அலங்காரம்! பிறகு அது இந்தியா முழுவதும் பரவிற்று. ஐந்நூறுக்கு மேற்பட்ட செடி வகைகளை அது சாப்பிடுமாம். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்காகச் சுவரில் அடித்த வெள்ளையைக்கூட ராவித் தின்னும். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணும் ஒன்றான அர்த்தநாரி. ஒரே தடவையில் நூறு, இருநூறு முட்டை இடும். வறட்சி வந்தால் ஓட்டின் வாயை மெல்லிய தோலால் அடைத்துக்கொண்டு மாதக் கணக்கில் உறங்கும். எலியின் சுவாசப் பையில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் இதன் உடம்பில் இருக்கலாம். அது மனிதர் உடம்பில் புகுந்தால் மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கும். ஆகையால் வெறுங்கையால் தொடலாகாது. இதைப் படித்த அன்று நாம் கையைச் சோப்புப் போட்டுப் பதினொரு தரம் கழுவினோம்.

இனி, யோசனை சொல்ல வந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் வியாதி என்று சொன்னால் ஒன்பது பேர் வைத்தியராகிவிடுவார்கள். நத்தை என்று சொன்னால் பத்தாவது ஆளும் வைத்தியர். உப்பைத் தூவு என்றார் ஒருவர். நத்தை சாகும், வாஸ்தவந்தான்; ஆர்க்கிட்டின் வேரும் உப்பில் வெந்து சாகும். முட்டை ஓட்டை நொறுக்கித் தொட்டியைச் சுற்றிப் போடு என்றார் மற்றொருவர். நம் தாயாரின் சமையலறைக்கு முட்டை ஓடு வந்த சரித்திரம் கிடையாதாகையால், எதிர் வீட்டு என்ஜினீயரிடம் யாசகம் வாங்கிவந்து போட்டோம். நத்தைகள் அதன் மேல் ஊர்வலம் போயின. தாமிரக் கம்பி சுற்றினால் நத்தைக்கு மின்சாரம் அடித்தாற்போல் இருக்கும் என்று கேள்விப்பட்டு அதையும் சுற்றினோம். இங்கிலாந்தில் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தார் 2018-ல் லெட்டூஸ் கீரையை நட்டு, முட்டை ஓடு, தாமிரப் பட்டை, கூர்மணல் முதலிய வேலிகளையெல்லாம் போட்டுச் சோதித்து, வேலி போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசம் இல்லை என்று கண்டிருக்கிறார்கள். இதை முன்னாலேயே படித்திருந்தால் தாமிரக் கம்பியின் விலை மிச்சம்.

காப்பி விஷயம் மட்டும் நம்மை மயக்கிவிட்டது. 2002-ம் வருஷத்தில் ஹவாய்த் தீவில் சில விஞ்ஞானிகள், தவளைத் தொல்லைக்காகக் காப்பியிலுள்ள காபீன் என்னும் சத்தைத் தெளித்துப் பார்க்கையில், ஓடில்லா நத்தைகள் செத்துக் கிடப்பதைக் கண்டார்கள். பிறகு ஆர்க்கிட் தொட்டிகளிலேயே சோதித்தார்கள். காபீன் நூற்றுக்கு இரண்டு பங்கு கரைந்த நீரைத் தொட்டியில் ஊற்றினால், பொடி நத்தைகளில் பெரும்பாலானவை மாண்டன. 'நேச்சர்' என்னும் பிரசித்தி பெற்ற பத்திரிகையில் அந்த வருஷமே இது வெளியாயிற்று. இதைப் படித்ததும் நமக்கு உண்டான கர்வத்தைச் சொல்லி முடியாது. காப்பிக்கா பஞ்சம், நம் வீட்டில்! அன்று காலை இரண்டாம் டிகாக்ஷன் முழுவதையும் ஆற வைத்து, ஐந்து தொட்டிகளுக்கும் அபிஷேகம் செய்தோம். நம் மனைவிக்கு அன்று காப்பி இல்லை. நத்தைகளுக்கோ உற்சாகம் பன்மடங்கு ஆகியிருந்ததாகவே தோன்றிற்று.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. நூற்றுக்கு இரண்டு என்றால் ஒரு லிட்டருக்கு இருபது கிராம் காபீன். கடையில் விற்கும் பொடியைக் கரைத்த ஒரு கோப்பைக் காப்பியில் இருப்பதோ அதில் நாற்பதில் ஒரு பங்குதான். அதிலும் நம் வீட்டுப் பொடியில் சிக்கரி வேறு. சிக்கரியில் காபீன் அணுவளவும் இல்லை. அவ்வளவு காபீனைத் தனியே வாங்கிக் கரைத்தாலும் சில செடிகளின் இலை பழுத்துப் போகிறது என்று அதே விஞ்ஞானிகள் எச்சரித்திருக்கிறார்கள். காப்பியை விட்டோம், அதாவது, செடிக்கு விடுவதை விட்டோம்.

அடுத்து நாம் செய்ததை எழுதப் பேனா கூசுகிறது. மருந்துக் கடையில் நத்தைக்கென்று விற்கும் மெட்டால்டிஹைடு உருண்டையை வாங்கி வந்து, தொட்டிகளைச் சுற்றிலும் தரையில் தூவினோம். பொட்டலத்தின் மேல் எச்சரிக்கை இருந்தது. பொடி எழுத்தில் இருந்தது. கண்ணாடி உள்ளே இருந்தது. நத்தையைக் கவர்வதற்காக அந்த உருண்டையில் தவிடு முதலிய தீனியைச் சேர்த்திருக்கிறார்கள். தீனி நத்தையை மட்டுமா கவரும்? நம் தாயார் தினந்தோறும் தயிர் சாதம் போட்டு வளர்க்கும் கறுப்பன் என்ற தெரு நாய் மறுநாள் காலையில் அதை முகர்ந்து, நக்கி, ஒரு பிடி தின்றுவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் நாலு காலும் உதற ஆரம்பித்தன. ஆட்டோவில் போட்டுக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் ஓடினோம். பகல் முழுவதும் அது அவர் மேஜை மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. இரவு எட்டு மணிக்குத் தலையைத் தூக்கி நம்மைப் பார்த்தது; வாலை ஆட்டவில்லை. பிழைத்தது அதன் ஆயுள் பலமே தவிர நம்முடைய சாமர்த்தியம் அல்ல. பிரிட்டனில் வெளியிடங்களில் இந்த மருந்தைப் போடுவதை 2022 மார்ச்சிலிருந்து தடுத்துவிட்டார்கள் என்றும், நாய் பூனை உள்ள வீட்டில் இரும்பு பாஸ்பேட் கலந்த உருண்டையே அபாயம் குறைந்தது என்றும் அதற்குப் பிறகுதான் படித்தோம். தூவிய உருண்டைகளை ஒன்று விடாமல் பொறுக்கினோம்.

தாயார் இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "உன் அக்கா செடியைக் காப்பாற்றுகிறதற்கு வாயில்லா ஜீவனைக் கொல்ல வேண்டுமாடா? அவளே சம்மதிக்க மாட்டாள்" என்றாள். நாயைச் சொன்னாளா, நத்தையைச் சொன்னாளா என்று நாம் கேட்கவில்லை.

ஆகவே கொல்லாத வழிக்கு வந்தோம். இராத்திரி பொறுக்கியதை டப்பாவோடு கொண்டுபோய்த் தெருக்கோடியில் காலியாகக் கிடந்த மனையில் விட்டுவந்தோம். புண்ணியத்துக்குப் புண்ணியம், வேட்டைக்கு வேட்டை. 2010-ல் இங்கிலாந்தில் ரூத் புரூக்ஸ் என்னும் ஒரு பாட்டியம்மாள், தோட்டத்து நத்தைகளின் ஓட்டில் நகச்சாயம் பூசித் தூரத்தில் விட்டுப் பார்த்து, அவைகளுக்குத் தம் இடத்துக்குத் திரும்பிவரும் உணர்ச்சி உண்டு என்று காட்டினாராம். நம் நத்தைகள் திரும்பி வந்தனவோ இல்லையோ, பத்து நாளில் அந்த மனைக்கு அடுத்த வீட்டு அம்மாள் வந்தாள். "எங்கள் கறிவேப்பிலைக் கன்றும் தூதுவளையும் மொட்டையாகிவிட்டன. திடீரென்று எங்கிருந்தோ நத்தை வந்திருக்கிறது, மாமி!" என்று நம் மனைவியிடம் முறையிட்டாள். நாம் அப்போது பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தோம். பென்ஸன் துரையைப் பற்றி எவ்வளவு இளக்காரமாக நினைத்திருந்தோம்! அவர் கல்கத்தாவில் செய்ததையேதான் நாம் நம் தெருவில் செய்திருந்தோம். அவருக்காவது விளைவு இன்னதென்று தெரியாது.

இப்படியிருக்கையில் டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தது. தோட்டத்தில் முழங்கால் தண்ணீர். மின்சாரம் இல்லை. தொட்டிகளையெல்லாம் மேஜை மேல் ஏற்றினோம். நத்தைகளும் கூடவே ஏறின. வெள்ளம் வடிந்தபின் பார்த்தால், தொங்கும் கூடையில் வெறுங் கரியில் வேரை விட்டுக்கொண்டிருந்த இரண்டு வாண்டாக்களும் பழுதின்றி இருந்தன. ஐந்து டென்ட்ரோபியங்களிலோ ஒரு பச்சை வேர் நுனிகூட இல்லை. வெள்ளைப் பூச்செடியின் தண்டு சுருங்கிக் கிழவி விரல் போல் ஆகிவிட்டது. மாசிக்கு இன்னும் இரண்டே மாதம். நாம் சேலத்துக்கு டெலிபோன் செய்து உள்ளதை ஒப்புக்கொண்டோம்.

அத்திம்பேர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "தண்ணீர் எப்போது விடுகிறாய்?" என்றார்.

"சாயங்காலம்."

"சாயங்காலமா? உன் அக்கா காலை ஏழு மணிக்கு மேல் ஒரு சொட்டு விட மாட்டாளே! இருட்டுவதற்குள் தொட்டி காய்ந்திருக்க வேண்டும், சாயங்காலம் விட்டால் அது செடிக்கு அல்ல, பூச்சிக்கு என்பாள். தினமுமா விடுகிறாய்? உள்ளே தேங்காய் மட்டையை மாற்றினாயோ? அவள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றிவிடுவாள். யார் விடுகிறது தண்ணீர்?"

"வீட்டில் எல்லோரும்தான்" என்று மழுப்பினோம்.

எல்லோரும் அல்ல. நேயர்களிடம் மறைப்பதற்கில்லை. நம் தாயாருக்கு அப்போது எண்பத்து மூன்று வயது. சேலத்திலிருந்து தொட்டிகள் வந்த நாள் முதல், மாலையில் விளக்கேற்றியதும் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவள் கொல்லைப்புறம் போவாள். ஏழு தொட்டிக்கும் கைநிறைய ஊற்றுவாள். "செடிக்குத் தண்ணீர் விட்டேன்" என்று அவள் சொன்னதே இல்லை. "அவளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தேன்" என்றுதான் சொல்வாள். சேலத்தின் வறண்ட காற்றில் இருந்த செடி, சென்னையின் கடற்காற்றில் இராமுழுதும் நனைந்த மட்டையில் நின்றால் என்ன ஆகும்? மட்டை மக்கிச் சேறாகும். சேற்றில் பொடி நத்தை குடும்பம் நடத்தும். நத்தையை யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று ஊரெல்லாம் தேடினோமே, அதை மாலைதோறும் உபசரித்து வளர்த்தது நம் வீட்டுச் செம்பு!

இதை எப்படி அவளிடம் சொல்வது? மூன்று நாள் யோசித்தோம். நான்காம் நாள் நம் மனைவி, "நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். தொட்டி மாற்றப் போகிறோம், அம்மாவையும் கூட வந்து உட்காரச் சொல்லுங்கள், போதும்" என்றாள். பிரசங்கம் செய்யாமல் காரியத்தை முடிப்பதில் பெண்களுக்குள்ள திறமை நமக்கு ஒருபோதும் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாயாருக்கு நாற்காலி போட்டுக் கொல்லையில் உட்கார வைத்தோம். முதலில் ஒவ்வொரு தொட்டியையும் தண்ணீர் நிறைந்த வாளியில் முழுக வைத்தோம். கொஞ்ச நேரத்தில் பொடி நத்தைகள் மூச்சு முட்டி மேலே ஏறி வந்தன. பத்து, இருபது அல்ல, ஒரு தொட்டியில் மட்டும் அறுபத்து மூன்று. பிறகு செடியை மெல்ல உருவி எடுத்தோம். நார் நாராக இருக்க வேண்டிய மட்டை கறுத்துப் பிசுபிசுத்து வந்தது. அதன் நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு கொத்து. தாயார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"என்னடா இது, ஜவ்வரிசி மாதிரி?"

"நத்தை முட்டை, அம்மா."

அவள் மட்டையில் ஒரு துண்டை எடுத்துப் பிழிந்தாள். இரண்டு நாளாக யாரும் தண்ணீர் விடவில்லை, மழையும் இல்லை, ஆனாலும் அது சொட்டிற்று. சொட்டியதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம் மனைவி கத்தரிக்கோலை எடுத்து, அழுகிய வேர்களை நறுக்க ஆரம்பித்தாள். நாம் கரியைக் கழுவுவதில் மிகவும் மும்முரமாக இருந்தோம்.

"நான் விட்ட தண்ணீர்தானேடா?" என்றாள் தாயார்.

நாம் பதில் சொல்லவில்லை. பொய் சொல்லியிருக்கலாம், வாயில் வரவில்லை. வெகு நேரம் கழித்து, "சின்ன வயசிலேயும் அவள் அப்படித்தான். ராத்திரி பால் குடித்தால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது" என்றாள். அப்புறம் நறுக்கிய வேரைக் கையில் வாங்கி, எது உயிருள்ளது, எது செத்தது என்று விரலால் நசுக்கிப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கெட்டியாக இருந்தால் உயிர். நசுங்கி உறை கழன்றால் செத்தது. அந்தப் பரீட்சையில் நம்மைவிட அவள் விரலே நம்பகமானதாக இருந்தது.

பழைய மட்டை முழுவதையும் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினோம். முட்டை தண்ணீரில் முங்குவதால் சாகாது. ஆகவே மட்டையைத் தோட்டத்தில் கொட்டினால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். தொட்டிகளைக் கொதிக்கும் வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்தோம். புதிதாகக் கரித்துண்டும் உடைத்த ஓட்டுச் சில்லும் போட்டுச் செடிகளை வைத்தோம். தரையில் வைக்காமல் இரும்புச் சட்டத்தின் மேல் வைத்தோம். அன்று முதல் தண்ணீர் காலை ஆறரை மணிக்குத்தான். தாயாரே விடுகிறாள், ஆனால் முதலில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியைத் தொட்டிக்குள் செருகி எடுத்துப் பார்க்கிறாள். குச்சி ஈரமாக வந்தால், "இன்றைக்கு இவளுக்கு வேண்டாம்" என்று அடுத்த தொட்டிக்குப் போகிறாள்.

மீந்திருந்த பொடி நத்தைகளுக்கு உருளைக்கிழங்கு வில்லையே போதுமானதாயிருந்தது. பச்சைக் கிழங்கை வட்டமாக நறுக்கி இரவில் கரியின் மேல் வைப்பது. விடியுமுன் திருப்பிப் பார்ப்பது. அடியில் ஒட்டிக்கொண்டு கூட்டமாக இருக்கும். முதல் வாரம் இருபது, முப்பது. தை பிறந்தபோது நாலைந்து. முட்டை பொரிந்து புதிது புதிதாக வருமாகையால் ஒரு வாரத்தோடு விட்டுவிடக் கூடாது. இரண்டு மாதம் விடாமல் வைத்தோம். பெரியவைகளுக்கு டார்ச்சு விளக்குத்தான்.

டப்பாவில் விழுந்தவைகளை என்ன செய்தோம் என்று நேயர்கள் கேட்பீர்கள். காலி மனைக்கு மறுபடி கொண்டுபோகவில்லை. கல்லுப்பை நிறையக் கரைத்த வாளி ஒன்று மாமரத்துக்குப் பின்னால் இருந்தது. அதில் போட்டோம். அஹிம்சையைப் பற்றி நாம் முன்பு எழுதியிருக்கும் பக்கங்களை யாராவது எடுத்துக் காட்டினால் நாம் பேசாமல் தலைகுனிவோமே தவிர, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பிராணியை அடுத்த வீட்டுக் கறிவேப்பிலைக்குத் தானம் செய்வது தர்மம் என்று இனிமேல் சொல்ல மாட்டோம். தாயாருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தோம். ஒரு நாள் விடியற்காலையில் வாளியருகே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"எத்தனை?" என்று கேட்டாள்.

"நாற்பத்தொன்று."

ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அன்று துளசி மாடத்தின் முன் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் நின்றாள்.

2024 மாசி மாதம் அத்திம்பேர் வந்தார். முழங்கால் வலி, வாசற்படி ஏறுவதற்கே நம் தோள் வேண்டியிருந்தது. காப்பிகூடச் சாப்பிடாமல் கொல்லைக்குப் போக வேண்டும் என்றார். வெள்ளைப் பூச்செடியில் பூ இல்லை. வாண்டாவில் ஒன்று பூத்திருந்தது. அதைக் காட்டினோம், அவர் அதைப் பார்க்கவில்லை. வெள்ளைச் செடியின் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கரித்துண்டுகளின் இடையே பச்சை நுனியோடு ஒரு வேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று.

"பூ இல்லையே" என்றாள் தாயார், தான் செய்த குற்றம் போல.

"அவள் பூவை எங்கே பார்த்தாள், அம்மா? எடுத்தவுடனே வேரைத்தான் பார்ப்பாள்" என்று சொல்லி அவர் தொட்டியைத் திரும்பச் சட்டத்தின் மேல் வைத்தார். நேராக வைத்தாரா என்று இரண்டு தரம் பார்த்தார்.

இரவு சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்துவிட்டார்கள். பதினோரு மணிக்கு நாம் ஓசைப்படாமல் கதவைத் திறந்தபோது, பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. "இன்னொரு டார்ச்சு இருக்கிறதா?" என்றார் அத்திம்பேர். அவரால் குனிய முடியாது. ஆகையால் அவர் வெளிச்சம் காட்டினார், நாம் பொறுக்கினோம். இரும்புச் சட்டத்தின் கால்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவந்தோம். எதிர் மாடியில் விளக்கு எரிந்தது. ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. கீழே இரண்டு டார்ச்சு விளக்குகளைக் கண்டதும் ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

"மூன்று" என்று எண்ணினார் அத்திம்பேர். "அந்தத் தொட்டிக்கு அடியில் பார்த்தாயா?"